ஜெனரல் ஸ்லிம்: நேரில் பார்த்தது, வீட்டில் கேட்டது

மலைப்பாதை:
நாகாலாந்தின் கோகிமாவில் இரண்டாம் உலகப் போர்க் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துத் திரும்பி மூன்று மாதம் ஆகிறது. அந்த டென்னிஸ் மைதானம் கண்ணைவிட்டுப் போகவில்லை. கோடுகளை மட்டும் வெள்ளைக் காங்கிரீட்டில் விட்டு வைத்திருக்கிறார்கள். 1944 ஏப்ரலில் அந்தப் பக்கம் ஜப்பானியர், இந்தப் பக்கம் பிரிட்டிஷ் இந்தியப் படை, நடுவில் கையெறி குண்டு. எட்டு வைத்துப் பார்த்தேன், முப்பது சொச்சத்தில் முடிந்துவிட்டது.

அந்த மலைகளைத் தாண்டி ஜப்பானியரில் ஒரு ரெஜிமென்ட்டுக்கு மேல் வராது என்பது, பிரிட்டிஷ் தரப்பில் 14ஆவது படையின் தளபதியாக இருந்த ஸ்லிம் போட்ட கணக்கு. வந்தது பல ரெஜிமென்ட் சேர்ந்த 31ஆவது டிவிஷன் முழுசாக. தப்பு தன்னுடையது என்று பின்னால் அவரே எழுதினார். ஆனால் ‘வயது 20’ என்ற வெண்கலத் தகட்டின் முன்னால் நின்றபோது எனக்கு அது போதவில்லை.

சாப்பர் பேரன்:
ஒரு கணக்கை வைத்து அவரை எடை போடாதீர்கள். தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் பிரிவு, ஸ்லிம்மின் 14ஆவது படை. லீவில் வந்தபோது உடம்பெல்லாம் மஞ்சளாம். காமாலை என்று பயந்து பாட்டி கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாளாம். அந்த மஞ்சள் மெப்பாக்கிரின் என்ற மலேரியா மாத்திரையால் வந்தது. 1943இல் காயம்பட்டு ஒருவன் ஆஸ்பத்திரிக்குப் போனால் நோயில் 120 பேர் போனார்கள். ஸ்லிம் திடீர்ச் சோதனை வைத்தார். நூற்றுக்கு 95 பேராவது மாத்திரை விழுங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் படைப்பிரிவின் தலைவருக்கு வேலை போகும். மூன்று பேரை அனுப்பினார், அப்புறம் தேவைப்படவில்லை. என் தாத்தா உயிரோடு வந்தது அதனால்தான்.

தாமு வழி:
இரண்டு பேருமே ஜப்பான் பர்மாவைப் பிடித்த 1942ஐ விட்டுவிட்டீர்கள். ஸ்லிம்மின் படை பர்மாவிலிருந்து 1,400 கிலோமீட்டர் பின்வாங்கிய அதே கோடையில்தான் என் பாட்டி ஒன்பது வயதில் ரங்கூனிலிருந்து நடந்து வந்தாள். வழியில் தம்பிக்குக் காலரா. ஒரு மரத்தடியில் படுக்கவைத்துத் துண்டால் முகத்தை மூடிவிட்டு நடந்தார்கள். கந்தலும் எலும்புமாக, ஆனால் துப்பாக்கியோடு வரிசை கலையாமல் வந்த தன் ஆட்களை ஸ்லிம் ரோட்டோரம் நின்று பார்த்தாராம். பாட்டியின் கூட்டத்தைப் பார்க்க ரோட்டோரம் யாரும் நிற்கவில்லை.

வடகிழக்கு:
நான் இம்பால் கல்லறையை மட்டும் பார்த்தேன், மழையில் பத்து நிமிடம். கோகிமா போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: நாகாலாந்துக்குள் நுழைய வேண்டிய அனுமதிச் சீட்டான இன்னர் லைன் பெர்மிட்டை முதலிலேயே எடுத்துவிடுங்கள். திமாப்பூர் வரை ரயில், அங்கிருந்து ஷேர் சுமோ. ஜூன், ஜூலை வேண்டாம், மண் சரியும். தகனமான இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேருக்குத் தோட்டத்தின் மேல்கோடியில் தனி நினைவுச்சின்னம் இருக்கிறது. பலர் ஏறாமலே திரும்பிவிடுகிறார்கள். சாப்பர் பேரன், தாத்தாவின் கூட்டாளிகள் யாராவது திரும்பி வராமல் போயிருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடுங்கள். ஆங்கில எழுத்தில் நாலு விதமாகப் போட்டுப் பாருங்கள், முனுசாமி அங்கே எப்படி வேண்டுமானாலும் எழுதப்பட்டிருப்பார்.