ஒரே பேக்கேஜ், இரண்டு நோயாளிகள்: நர்ஸ் வேலை எந்தக் கணக்கில் வருகிறது?

வார்டு அக்கா:
மதுரைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் எலும்பு வார்டு இன்சார்ஜ் நான். போன வாரம் இடுப்பு எலும்பு முறிவுக்கு ஆபரேஷன் முடிந்து, அடுத்தடுத்த படுக்கையில் இரண்டு பேர். ஒருவருக்கு 50 வயது. மறுநாளே வாக்கரைப் பிடித்து நடந்துவிட்டார். பக்கத்தில் 78 வயதுப் பாட்டி. சர்க்கரை, மறதி, மூக்கு வழியாக விட்ட ரைல்ஸ் டியூபில் கஞ்சி, வரும்போதே முதுகில் பெட்சோர் என்கிற படுக்கைப் புண். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க இரண்டு பேர் வேண்டும். ராத்திரியானால் டியூபைப் பிடுங்கிப் போட்டுவிடுவார். காப்பீட்டுத் திட்டத்தில் இருவருக்கும் ஒரே தொகை. நைட் டூட்டிக்கு இன்னொரு ஆள் கேட்டால், "ரெண்டும் ஒரே பேக்கேஜ்தானே சிஸ்டர்" என்கிறார்கள். எங்கள் வேலையைத் தனியாக எண்ணிப் பணம் தருகிற ஊர் எதுவும் உண்டா?

பில்லிங் தம்பி:
பேக்கேஜில் படுக்கை, நர்சிங், மருந்து எல்லாம் ஒரே உருண்டை அக்கா. கைக்காசு கட்டுபவர்களின் பில்லில் 'நர்சிங் சார்ஜ்' என்று ஒரு வரி வரும். எங்கள் இடத்தில் அதுவும் ரூமைப் பார்த்துத்தான். ஏசி ரூமில் நடமாடுபவருக்கு அதிகம், ஜெனரல் வார்டில் உங்கள் பாட்டிக்குக் குறைவு!

ரைன்கரை நர்ஸ்:
ஜெர்மனியில் இருக்கிறேன். இங்கேயும் 2004 முதல் நோய்வாரித் தொகைதான், அதாவது இன்ன நோய்க்கு இவ்வளவு என்று உங்கள் பேக்கேஜ் மாதிரி. நர்ஸைக் குறைத்தால் மருத்துவமனைக்கு மிச்சம், குறைத்தார்கள். அதனால் 2020-இல் வார்டு நர்ஸ்களின் சம்பளத்தை அந்தத் தொகையிலிருந்து பிரித்துத் தனி பட்ஜெட் ஆக்கினார்கள். ஆகிற செலவைக் காப்பீட்டு நிறுவனங்கள் தந்துவிடும். ஆனால் அது சம்பளக் கணக்கு, பாட்டியின் கணக்கு இல்லை. ஆள் தேவையை எண்ணுவதற்கு 2024 ஜூலையில் பிபிஆர் 2.0 என்ற கணக்கு முறை வந்தது. தினமும் ஒவ்வொரு நோயாளிக்கும் பொதுப் பராமரிப்பில் ஏ1 முதல் ஏ4, சிகிச்சைப் பராமரிப்பில் எஸ்1 முதல் எஸ்4 என்று படி போடுவோம். படிக்கு இத்தனை நிமிடம். இதிலும் ஒரு வில்லங்கம்: நர்ஸ் சம்பளம் மட்டும் முழுதாகக் கிடைப்பதால், சில இடங்களில் சாப்பாட்டுத் தட்டு எடுப்பதும் நர்ஸ் தலையில்.

வார்டு அக்கா:
தட்டு எடுப்பது இங்கே பட்ஜெட் இல்லாமலே நடக்கிறது. சரி, நிமிடக் கணக்கு பிடித்திருக்கிறது. நேற்று ராத்திரி நோட்டில் குறித்தேன். பாட்டியைத் திருப்பி, டயப்பர் மாற்றி, புண்ணுக்குக் கட்டுப் போட 25 நிமிடம். அந்த 50 வயதுக்காரருக்கு பிபி பார்த்து மாத்திரை கொடுக்க 6. ஒரு வாரம் எழுதி மேனேஜர் மேஜையில் வைக்கப் போகிறேன். தம்பி, எக்செல் போட்டுத் தருவாயா?

பில்லிங் தம்பி:
அனுப்புங்கள் அக்கா. எத்தனை ஆள் என்று தனிக் கட்டம் விடுங்கள். இரண்டு பேர் நின்றிருந்தால் அது 25 இல்லை, 50.