இடியப்பத்துக்குக் கை நீட்டிய இரவு: பிளெண்டரை விட்டு வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்த அனுபவங்கள்

வெள்ளவத்தை அம்மா:

மகளுக்கு இப்போது 11 மாதம் முடிகிறது. ஒன்றரை மாதத்துக்கு முன்புவரை கரண்டியில் ஒரு சோற்றுப் பருக்கை முழுதாகக் கிடந்தாலே ஓங்காளித்து, குடித்த பாலையும் சேர்த்துச் சத்தி எடுப்பாள். இன்று காலை எங்களோடு பாயில் இருந்து, சொதியில் ஊறிய இடியப்பத்தைத் தன் கையாலேயே அள்ளிச் சாப்பிட்டாள். இடையில் என்ன செய்தேன் என்று இங்கே சிலர் கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

6 மாதம் முடிந்தவுடன் கிளினிக்கில் சொன்னபடி குழையவைத்த சோற்றில்தான் தொடங்கினோம். பிறகு பருப்பு, பூசணி, கரட். முதல் கிழமைகளில் ஒரு பிரச்சினையும் இல்லை. 7 மாதத்தில் ஒரு பின்னேரம் உருளைக்கிழங்கைக் கையால் மசித்துத் தீத்தும்போது ஒரு சின்னக் கட்டி தொண்டைப்பக்கம் போய்விட்டது. முகம் சிவந்து, கண்ணால் தண்ணீர் வந்து, பெரிய சத்தத்தோடு ஓங்காளித்து அவளே அதை வெளியே தள்ளிவிட்டாள். அவள் அடுத்த நிமிடமே சிரித்தாள், எனக்குத்தான் அன்று இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை. மறுநாள் பிளெண்டரை எடுத்தேன். அதன்பிறகு இரண்டரை மாதம் சோறு, மரக்கறி, மீன் எல்லாமே அதற்குள் போய் ஒரே நிறத்தில் கூழாகத்தான் வெளியே வந்தன.

8 மாதத்தில் பல் முளைத்தது. யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா வந்து பல்லுக்கொழுக்கட்டை அவித்தார், தேங்காய்ச் சொட்டைப் பல்லுப் பல்லாக வெட்டிக் கொழுக்கட்டையில் குத்தி, பிள்ளையை இருத்தித் தலையில் கொட்டினோம். வந்திருந்த ஒரு மாமி, "பல்லுக்கு விழா எடுக்கிறீர்கள், அந்தப் பல்லுக்கு வேலை ஏதாவது கொடுக்கிறீர்களா?" என்று கேட்டார். அவர் அன்பாகத்தான் கேட்டார், ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் குத்திக்கொண்டே இருந்தது.

ஒன்பதரை மாதத்தில் மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வந்தார். பதிவேட்டில் நிறைக் கோடு இரண்டு மாதமாக ஏறாமல் படுத்திருப்பதைக் காட்டினார். என்ன சாப்பாடு என்று வாயால் கேட்கவில்லை, "இப்போது தீத்துங்கள், நான் பார்க்கிறேன்" என்றார். வழக்கம்போலத் தொட்டிலில் சாய்த்துவைத்து, போனில் பாட்டுப் போட்டு, அவள் வாய் திறக்கும் நேரம் பார்த்துக் கூழை உள்ளே விட்டேன். அவர் முழுவதையும் பார்த்துவிட்டு, கையைக் கழுவிவிட்டு வந்து, விரலை அவளுடைய முரசில் வைத்துப் பார்த்து, என்னையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். அவள் கடித்த கடி இப்போதும் நினைவிருக்கிறது. முன்னால் இரண்டு பல்தான், ஆனால் பின்முரசு கல்லுப்போல இருந்தது. மசிந்த சாப்பாட்டை மெல்ல அது போதும், கடைவாய்ப் பல் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்றார்.

அப்புறம் கேட்டார்: "நீங்கள் எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள்? அப்போது பிள்ளை எங்கே?" கணவர் கொழும்பு கோட்டையில் வேலை முடித்து வர இரவு ஏழு, ஏழரை ஆகும், அதற்குள் மகளைச் சாப்பிடவைத்துத் தூங்கப்போட்டுவிடுவேன். அதாவது 9 மாதமாகியும் எங்கள் பிள்ளை ஒரு மனிதர் சோறு மெல்லுவதைப் பார்த்ததே இல்லை. இது அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை.

மிஸ் மூன்று விஷயம் சொல்லிவிட்டுப் போனார். பிளெண்டர் வேண்டாம், கரண்டியால் மசியுங்கள், ஒவ்வொரு நாளும் கொஞ்சம் குறைவாக மசியுங்கள். போன் வேண்டாம். ஒரு நேரமாவது உங்களோடு இருத்துங்கள். கட்டியான சாப்பாட்டை 9, 10 மாதம் தாண்டியும் பழக்காமல் விட்டால் பிறகு பழக்குவது இன்னும் கஷ்டம் என்றும் சொன்னார்.

அன்று இரவே மகளைத் தூங்கவைக்காமல் வைத்திருந்தேன். இடியப்பமும் சொதியும். அவளைச் சாய்க்காமல் நிமிர்த்தி என் மடியில் இருத்தினேன். அவளுக்கென்று தனியாக எதுவும் வைக்கவில்லை. ஐந்து நிமிடம் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவள், குனிந்து அவருடைய தட்டில் கையை வைத்து ஒரு பிடி இடியப்பத்தை இழுத்தாள். பாதி மடியில், கொஞ்சம் முடியில், இரண்டு இழை வாய்க்குள். ஓங்காளித்தாள். என் கை தானாக அவள் வாய்க்குப் போனது, அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். சத்தம் வருகிறது, மூச்சு வருகிறது, பார்த்துக்கொண்டு இரு என்றார். அவள் அதை முன்னுக்குக் கொண்டுவந்து, நாக்கால் புரட்டி, விழுங்கிவிட்டு, மறுபடியும் தட்டுக்குக் கை நீட்டினாள். நான் அழுதுவிட்டேன்.

எல்லாம் அன்றோடு சரியாகவில்லை. அடுத்த நாள் ஒன்றும் தொடவில்லை. அதற்கடுத்த நாள் சத்தி. முதல் பத்து நாளில் வயிற்றுக்குள் போனதைவிடப் பாயில் விழுந்ததுதான் அதிகம், பாலைக் குறைக்காமல் கொடுத்தபடியால்தான் மனதைரியமாக இருக்க முடிந்தது. பிறகு மெல்ல மெல்லக் கூடியது. இப்போது மூன்று நேரச் சாப்பாடு, ஒவ்வொரு நேரமும் ஏறக்குறைய அரைக் கப், நடுவில் ஒரு பழமோ அவித்த கிழங்கோ.

சமையலில் மாற்றியது ஒன்றுதான், போடும் ஒழுங்கு. முன்பு சொதிக்கு வெங்காயத்தோடு பச்சை மிளகாயையும் உப்பையும் முதலிலேயே போட்டுவிடுவேன். இப்போது வெங்காயம், வெந்தயம், மஞ்சள், பால் விட்டுக் கொதித்ததும் அவளுடைய பங்கை எடுத்துவைத்துவிட்டு, அதன்பிறகுதான் எங்களுக்கு மிளகாயும் உப்பும். பருப்பும் அப்படியே, மீனும் அப்படியே. ஒரு வயதுவரை உப்புச் சேர்க்க வேண்டாம் என்றுதான் கிளினிக்கில் சொன்னார்கள். பாரை மீனை இரண்டு தரம் விரலால் உதிர்த்துத் தடவிப் பார்த்துத்தான் கொடுப்பேன், முள் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். பிட்டு கவனம். உதிரியாகக் கொடுத்தால் தொண்டையில் அடைத்து இருமவைக்கும், நன்றாகச் சொதியில் ஊறிக் குழைந்தபிறகே கொடுக்க வேண்டும். கொழும்பு வெக்கையில் தேங்காய்ப்பால் சேர்த்தது சீக்கிரம் பழுதாகிவிடும், மதியத்துச் சொதியைப் பின்னேரத்துக்கு வெளியில் வைத்திருக்க மாட்டேன்.

உங்கள் வீடுகளில் எப்படி நடந்தது என்று எழுதுங்கள்.

தெமட்டகொடை உம்மா:

வாசிக்க வாசிக்க என் மகனைப் பார்த்ததுபோலவே இருந்தது. எங்களுக்குப் பிரச்சினை கூழ் இல்லை, தேத்தண்ணீர். நான் வேலைக்குப் போகிறவள், மகனை என் உம்மாதான் பார்த்துக்கொள்கிறார். 8 மாதத்திலிருந்து காலையிலும் பின்னேரமும் மாரி பிஸ்கட்டைத் தேத்தண்ணீரில் தோய்த்து உம்மா கொடுப்பார், நாங்கள் ஐந்து பேரும் அப்படித்தான் வளர்ந்தோம். பிள்ளை பிஸ்கட்டை விரும்பிச் சாப்பிடும், சோற்று நேரத்தில் வாயை மூடிக்கொள்ளும். 10 மாதத்தில் முகம் வெளிறியதுபோல இருந்ததால் டொக்டரிடம் காட்டினோம். இரத்தம் பார்த்ததில் இரும்புச்சத்துக் குறைவு. பிறக்கும்போது தாயிடமிருந்து கொண்டுவந்த இரும்புச்சத்து 6 மாதமளவில் தீரத் தொடங்கிவிடும், பிறகு சாப்பாட்டிலிருந்துதான் வரவேண்டும், தேத்தண்ணீர் அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது என்று டொக்டர் விளக்கினார். நான் இதை வீட்டில் போய்ச் சொன்னால் உம்மாவின் மனம் நோகுமே என்று பயந்து, அடுத்த முறை உம்மாவையே கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் வாயாலேயே கேட்டதும் உம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று பின்னேரமே கோழி ஈரல் வாங்கிவரச் சொன்னார். மிளகாய் சேர்க்காமல் வேகவைத்து, மசித்து, பருப்புச் சோற்றில் கலந்து, இரண்டு சொட்டுத் தேசிக்காய்ப் புளி விட்டுத் தீத்தினார். மகன் முழுதாகச் சாப்பிட்டது அன்றுதான். இப்போது ஈரல் கிழமையில் ஒரு நாள், முட்டை, நெத்தலி மற்ற நாட்களில். டொக்டர் தந்த மருந்தும் போகிறது, கன்னத்தில் நிறம் வந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். உம்மாமாரோடு சண்டை பிடிக்காதீர்கள், கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கொட்டாஞ்சேனை அப்பா:

அக்கா, ஓங்காளிப்பது வேறு, அடைப்பது வேறு. நீங்கள் எழுதியது முதலாவது. நான் இரண்டாவதைப் பார்த்தவன், அதனால் எழுதியே ஆகவேண்டும்.

போன றம்புட்டான் காலத்தில் மகனுக்கு 11 மாதம். வீட்டில் ஆட்கள் கூடியிருந்தார்கள். யாரோ ஒருவர் ஆசையாகத் தோலுரித்து அவன் கையில் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். நான் திரும்பிப் பார்த்தபோது அவன் வாய் திறந்திருக்கிறது, அழுகிற முகம், ஆனால் சத்தமே இல்லை. உதடு நீலமாகத் தொடங்கியது. அந்த அமைதியை என்னால் மறக்க ஏலாது. வேலைத்தளத்தில் முதலுதவி வகுப்பு எடுத்திருந்தேன். முன்கையில் அவனைக் குப்புறக் கிடத்தி, தாடையைப் பிடித்துக்கொண்டு, தலை உடம்பைவிடக் கீழே இருக்கும்படி சரித்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் அடித்தேன். நாலாவது அடியில் கொட்டையோடு வெளியே வந்து விழுந்தது, அதற்குப் பிறகுதான் அழுகைச் சத்தம் கேட்டது. ஐந்து அடியிலும் வராவிட்டால் மல்லாக்கத் திருப்பி, நெஞ்சின் நடுவில் ஐந்து தரம் அழுத்த வேண்டும், வரும்வரை மாறி மாறிச் செய்ய வேண்டும், பக்கத்தில் நிற்பவர் 1990க்கு அம்புலன்ஸ் கேட்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாததை விரல்விட்டுத் தோண்டக்கூடாது, இன்னும் உள்ளே போய்விடும். பிறகு பொரளை சிறுவர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டினோம், நெஞ்சில் ஒன்றும் மிச்சமில்லை என்று சொன்னபிறகுதான் என் மனைவி தண்ணீர் குடித்தாள்.

வீட்டுச் சாப்பாடு கொடுங்கள், கட்டாயம் கொடுங்கள். ஆனால் றம்புட்டான், முழு முந்திரிகைப்பழம் (திராட்சை), கச்சான் (நிலக்கடலை), முறுக்கு, பச்சைக் கரட் துண்டு இவை வீட்டுச் சாப்பாடு அல்ல. முந்திரிகைப்பழம் கொடுப்பதென்றால் நெடுக்காக நாலாக வெட்டுங்கள். நடந்துகொண்டும் படுத்துக்கொண்டும் கொடுக்க வேண்டாம், ஒருவர் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும்.

தெகிவளை அம்மா:

எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சி, "சாப்பிடாட்டி நாக்கில தேன் தடவு, பசி எடுக்கும்" என்றார், நல்லவேளை கிளினிக்கில் கேட்டேன். ஒரு வயதுக்குள் தேன் கூடாதாம், அதிலிருக்கக்கூடிய ஒரு கிருமி குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சாகிவிடும் என்றார்கள். ஒரு கேள்வி. என் மகள் கரண்டியைக் கண்டாலே தட்டிவிடுகிறாள், 10 மாதம். கையில் எதைக் கொடுத்துத் தொடங்கலாம்?

வெள்ளவத்தை அம்மா:

கொட்டாஞ்சேனைத் தம்பி, வாசித்துவிட்டுக் கணவரையும் கூப்பிட்டு வாசிக்கக் கொடுத்தேன். நாங்கள் இரண்டு பேரும் ஒரு தலையணையில் அடித்துப் பழகிப் பார்த்தோம்.

தெகிவளைத் தங்கச்சி, நான் தொடங்கியது அவித்த பூசணியில். விரல் நீளத்துக்கு வெட்டி, உங்கள் இரண்டு விரலுக்கு நடுவில் அழுத்தினால் நசிகிற பதத்துக்கு அவியுங்கள். நன்றாகப் பழுத்த பப்பாசியும் சரி, வழுக்கும், அதனால் வெளியே கொஞ்சம் தோசைத்துண்டை உதிர்த்து ஒட்டிக் கொடுப்பேன். தோசைதான் பிடிக்க லேசு, ஓரத்து மொறுமொறுப்பை மட்டும் நீங்கள் சாப்பிட்டுவிடுங்கள். கரண்டியைத் தட்டிவிட்டால் அவளுக்கும் ஒரு கரண்டி கொடுத்துப் பாருங்கள். என் மகள் தன்னுடையதை வைத்துத் தட்டில் அடித்துக்கொண்டிருப்பாள், நான் என்னுடையதால் தீத்துவேன், அவள் கவனிக்கவே மாட்டாள். கீழே பழைய பேப்பர் விரித்துக்கொள்ளுங்கள். நாளைக்கு எத்தனை துண்டு வாய்க்குள் போனது என்று எழுதுங்கள், ஒன்றாக இருந்தாலும் எழுதுங்கள்.