டார்கெட் லெட்டர் வந்திருக்கு, ஃபெடரல் கிரிமினல் வக்கீலை எப்படிப் பிடிப்பது?

எடிசன்வாசி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எங்க அத்தானுக்கு நியூவர்க் யு.எஸ். அட்டர்னி (ஃபெடரல் அரசு வக்கீல்) ஆபீஸிலிருந்து கடிதம் வந்திருக்கு. 2020-ல அவரோட சின்ன ஐ.டி. கம்பெனிக்கு வாங்கின பிபிபி லோன் (கொரோனா நேரத்துல ஊழியர் சம்பளத்துக்காக அரசாங்கத் திட்டத்துல கிடைச்ச கடன்) பத்தி கிராண்ட் ஜூரி (சார்ஜ் போடலாமான்னு முடிவு பண்ற பொதுமக்கள் குழு) விசாரிக்குது, அதுல நீங்க "டார்கெட்" என்று போட்டிருக்கு. கைது இல்லை, சார்ஜும் இன்னும் இல்லை. அத்தானிடம் இருப்பது க்ரீன் கார்டு.

வீடு வாங்கும்போது குளோசிங் பண்ணிக் கொடுத்த வக்கீல் "நானே பேசி முடிச்சிடறேன்" என்கிறார். இன்னொருத்தர் 40,000 டாலர் ஃப்ளாட் ஃபீ கேட்கிறார், அது எதுவரைக்கும் என்று புரியவில்லை. ஊரிலிருந்து மாமா பணம் அனுப்பத் தயார். அத்தானோ, விசாரணை ஏஜென்ட் போன் பண்ணினால் ஒரு தடவை உட்கார்ந்து விளக்கிட்டா முடிஞ்சிடும் என்கிறார். யாரைப் பிடிக்கணும், என்ன கேட்கணும்? முதல் மீட்டிங்குக்கு நானும் கூடப் போகலாமா?

டாக்கெட்வாசகன்:

ஏஜென்டிடம் விளக்குகிற விஷயத்துக்கு முதலில் பதில். அத்தான் யாரிடமும் எதையும் விளக்கக் கூடாது. ஃபெடரல் ஏஜென்டிடம் பொய் சொல்வதே தனிக் குற்றம்: 18-ஆம் தலைப்பு, 1001-ஆம் பிரிவு, 5 வருஷம் வரை. சத்தியம் வாங்கியிருக்க வேண்டியதில்லை. வீட்டு வாசலில் நடக்கும் பேச்சைப் பெரும்பாலும் ரெக்கார்ட் செய்யவும் மாட்டார்கள். எஃப்பிஐ என்றால் ஏஜென்ட் ஆபீஸுக்குப் போய் 302 என்ற படிவத்தில் தன் வார்த்தையில் டைப் செய்வார். பிறகு "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று வாதாட உங்களிடம் ஒன்றும் இருக்காது. "வக்கீல் மூலம் பேசுகிறேன், கார்டு கொடுங்கள்" என்பதோடு கதவைச் சாத்தலாம்.

அதே போல ஒரு மெயிலையும் வாட்ஸாப் மெசேஜையும் அழிக்கக் கூடாது. 1519-ஆம் பிரிவில் அதற்கு 20 வருஷம் வரை உண்டு. லோன் விஷயத்தில் தப்பியவர்கூட இதில் மாட்டுவார். நீங்கள் இங்கே போட்ட பதிவுக்கும் அதே கதைதான்: இனி ஒரு விவரமும் சேர்க்காதீர்கள், பயந்து அழிக்கவும் வேண்டாம், வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.

டார்கெட் என்றால் ப்ராசிக்யூட்டர் கையில் கணிசமான ஆதாரம் இருக்கிறது, இவரை அநேகமாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவோம் என்று அர்த்தம். வெறும் சாட்சியோ, சப்ஜெக்டோ (விசாரணை வளையத்துக்குள் இருக்கிறவர்) அல்ல. கிராண்ட் ஜூரியில் 16 முதல் 23 பேர். 12 பேர் சம்மதித்தால் இன்டைட்மென்ட், அதாவது முறையான குற்றச்சாட்டு. அந்த அறைக்குள் உங்கள் வக்கீலுக்கு அனுமதி கிடையாது. ஆகவே இப்போது, சார்ஜ் போடுவதற்கு முன்னால், வக்கீல் செய்கிற வேலைக்குத்தான் மதிப்பு அதிகம். 2020 லோன்தானே, காலம் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2022-ல் கொண்டுவந்த சட்டத்தால் பிபிபி மோசடிக்குக் கெடு 10 வருஷம்.

குளோசிங் வக்கீல் வேண்டாம். முனிசிபல் கோர்ட்டில் குடிபோதை வழக்கு பார்க்கிறவரும் வேண்டாம். ஃபெடரல் வழக்கில் விதிமுறை வேறு, தண்டனைக் கணக்கு வேறு, பரோல் என்பதே இல்லை. நியூ ஜெர்சி டிஸ்ட்ரிக்டில், அதாவது நியூவர்க், ட்ரென்டன், கேம்டன் கோர்ட்டுகளில் வழக்கமாக நிற்கிற ஆள் வேண்டும். "இந்த மாதிரி கேஸ் நிறையப் பார்த்திருக்கேன்" என்றால் மூன்று, நான்கு கேஸ் நம்பர் கேளுங்கள். பேசர் என்ற ஃபெடரல் கோர்ட் ஆவணத் தளத்தில் கணக்குத் திறந்து அந்த டாக்கெட்டுகளை (வழக்குப் பதிவேடுகளை) படியுங்கள். பக்கத்துக்கு 10 சென்ட், பெரும்பாலான ஆவணங்களுக்கு 3 டாலருக்கு மேல் போகாது, ஒரு காலாண்டில் 30 டாலருக்குள் நின்றால் காசே கட்ட வேண்டாம்.

டாக்கெட்டில் என்ன பார்ப்பது? ப்ளீ (கட்சிக்காரர் குற்றத்தை ஒப்புக்கொள்வது) போட்டு முடித்திருக்கிறார் என்பதை வைத்து மட்டும் குறை சொல்லாதீர்கள். ஃபெடரல் வழக்குகளில் 10-ல் 9-க்கு மேல் அப்படித்தான் முடிகின்றன. தண்டனைக்கு முன்னால் அவர் தாக்கல் செய்த சென்டென்சிங் மெமோவைத் திறந்து பாருங்கள். பேரை மாற்றினால் யாருக்கும் பொருந்துகிற மூன்று பக்கமா, அல்லது நஷ்டக் கணக்கை வரி வரியாக மறுத்திருக்கிறாரா? ஆளின் உழைப்பு அங்கே தெரிந்துவிடும்.

முன்னாள் ப்ராசிக்யூட்டர் என்பது நல்ல தகுதிதான், அதுவே போதாது. "அந்த ஆபீஸ்ல எல்லாரும் நமக்கு வேண்டியவங்க" என்று ஆரம்பித்தால் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

கணக்குப்பிள்ளை:

ஃபீ பத்தி நான் சொல்றேன். 40,000-ங்கிறது அதிகமா கம்மியாங்கிறது அப்புறம். எதுவரைக்கும்னு எழுத்துல வாங்குங்க. இன்டைட்மென்ட் வரைக்குமா, ப்ளீயும் தண்டனையும் சேர்த்தா, ட்ரயல் வந்தா தனியா, அப்பீல் யார் பார்க்கிறது. (தீர்ப்பு பதிவான பிறகு அப்பீல் நோட்டீஸுக்கு 14 நாள்தான்.) பாதியில வக்கீலை மாத்தினா மிச்சம் திரும்ப வருமா? மணிக்கணக்கு ஃபீன்னா முன்பணம் ட்ரஸ்ட் அக்கவுன்ட்ல நிக்கணும், மாசாமாசம் பில் வரணும். "ஜெயிச்சா இவ்வளவு"ன்னு பேசினா அந்த ஆளே வேண்டாம். கிரிமினல் கேஸ்ல அப்படி வாங்குறது தொழில் விதிப்படியே தப்பு.

இதுக்கு வெளியில ஒரு செலவு வரும்: ஃபோரன்சிக் அக்கவுன்டன்ட், அதாவது வழக்குக்காகக் கணக்கைத் துருவிப் பார்க்கிறவர். பிபிபி கேஸோட உயிரே அதுலதான். லோன் தொகை சராசரி மாசச் சம்பளத்துல இரண்டரை மடங்கு. சின்ன ஐ.டி. கம்பெனிங்க வழுக்குற இடம் ஒண்ணு உண்டு: 1099-ல (ஊழியர் இல்லாத வெளியாளுக்குக் கொடுக்கிற வரிப் படிவம்) வேலை பார்த்த கான்ட்ராக்டர்களையும் ஊழியர்னு சேர்த்துப் போட்டிருப்பாங்க. விதிப்படி அவங்க சேர்த்தி இல்லை. அது அறியாம நடந்த தப்பா, இல்ல இல்லாத ஆளுக்குச் சம்பளம் காட்டினதா? 941 படிவம் (காலாண்டுச் சம்பள வரிக் கணக்கு), டபிள்யூ-2 (ஊழியரோட வருஷச் சம்பளப் படிவம்), பேரோல் ரிஜிஸ்டர், பேங்க் ஸ்டேட்மென்ட் நாலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சாத்தான் தெரியும். அந்த அக்கவுன்டன்டை வக்கீல்தான் அமர்த்தணும். அப்பதான் அவர் வேலைக்கும் வக்கீல்-கட்சிக்காரர் ரகசியப் பாதுகாப்பைக் கேட்க முடியும். வழக்கமா டாக்ஸ் போடுற சி.பி.ஏ-வைக் கூப்பிட்டு மனம் விட்டுப் பேசாதீங்க. அவரே சாட்சியா வரலாம்.

மாமா பணம் அனுப்பலாம். இந்தியாவிலிருந்து எல்ஆர்எஸ் (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் பேங்க் விடுற திட்டம்) வழியா ஒரு ஆளுக்கு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை இடம் இருக்கு. பேங்க் மூலமா, எந்தப் பணம்னு காட்டுற மாதிரி வரட்டும். ரொக்கமா 10,000 டாலருக்கு மேல கொடுத்தா வக்கீலே 8300 படிவம் போட்டு வரித்துறைக்குச் சொல்லியாகணும். அந்த லோன்ல மிஞ்சின பணத்துல மட்டும் ஃபீ கட்டவே கூடாது. குற்றத்துல வந்த பணம்னா வக்கீல்கிட்ட கொடுத்ததையும் அரசாங்கம் பிடுங்கலாம்னு சுப்ரீம் கோர்ட் 1989-லயே சொல்லிடுச்சு. சம்பந்தமில்லாத சொந்தப் பணத்தை வக்கீலுக்குக் கொடுக்க விடாம முடக்க முடியாதுன்னு 2016-ல லூயிஸ் தீர்ப்பு.

மாமா காசு கட்டுறதால கேஸ்ல அவர் சொல்றபடி நடக்காது. கட்சிக்காரர் அத்தான் மட்டும்தான். அதனாலதான் மீட்டிங்குல நீங்க உட்காரக் கூடாது. மூணாவது ஆள் இருந்தா அந்தப் பேச்சுக்கு ரகசியப் பாதுகாப்பு போயிடலாம். ஃபீ பேசும்போது இருங்க, கேஸ் பேச ஆரம்பிச்சா வெளியில வாங்க. அக்கா பேரும் கம்பெனியில இருந்தா அவங்களுக்கு வேற வக்கீல்.

எடிசன்வாசி:

ரொம்ப நன்றி. அக்கா பேரும் இருக்கு, வேற வக்கீல் பார்க்கிறோம். ஒரு சந்தேகம். 40,000 கேட்டவர் "சீக்கிரமே போய் ஒத்துக்கிட்டா ஜெயில் இல்லாம ப்ரொபேஷன்ல முடிக்கலாம்" என்கிறார். அப்போ க்ரீன் கார்டுக்கு ஆபத்து இல்லையா?

எல்லைக்கோடு:

இருக்கிறது, அங்கேதான் பெரிய ஆபத்தே. மோசடிக் குற்றத்தில் நஷ்டம் 10,000 டாலரைத் தாண்டினால் இமிக்ரேஷன் சட்டத்தில் அது "அக்ரவேட்டட் ஃபெலனி", அதாவது நாடுகடத்தலுக்கு வழிவிடும் கடும் குற்றம். ஒரு நாள்கூட ஜெயிலுக்குப் போகாவிட்டாலும் அப்படித்தான். க்ரீன் கார்டுக்காரர்கள் வழக்கமாகக் கேட்கிற கேன்சலேஷன் ஆஃப் ரிமூவல் (நாடுகடத்தலை ரத்து செய்வது) என்ற நிவாரணமும் அதோடு அடைபடும். குற்றப் பிரிவில் தொகை இல்லாவிட்டாலும், வழக்கின் காகிதங்களிலிருந்து அதை எடுத்துக்கொள்ளலாம் என்று 2009-ல் நிஜாவன் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. ப்ளீ ஒப்பந்தத்திலும், நஷ்டத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லும் ரெஸ்டிட்யூஷன் ஆர்டரிலும் எழுதப்படும் எண் பத்து வருஷம் கழித்தும் துரத்தும்.

தண்டனைக் கணக்கையும் அதே எண்தான் நகர்த்துகிறது. ஃபெடரல் தண்டனைக் கைட்லைன் அட்டவணையில் 43 படிகள். நஷ்டம் ஏற ஏறப் படி ஏறும். ஆகவே வக்கீலைச் சோதிக்க இந்த ஒரு கேள்வி போதும்: "இதில் நஷ்டம் எவ்வளவு என்று எப்படிக் கணக்குப் போடுவீர்கள், அது அவர் க்ரீன் கார்டை என்ன செய்யும்?" முழு லோனுமா, தகுதிக்கு மேல் வாங்கிய பகுதி மட்டுமா என்று பிரித்துப் பேசுகிறவரிடம் மேலே பேசுங்கள். "அதை அப்புறம் பார்க்கலாம்" என்பவரிடம் வேண்டாம்.

நாடுகடத்தல் ஆபத்தைக் கட்சிக்காரருக்குச் சொல்வது கிரிமினல் வக்கீலின் கடமை என்று 2010-ல் படிய்யா தீர்ப்பு சொல்கிறது. ஆனால் கையெழுத்துப் போட்டபின் அதை வைத்து ப்ளீயை உடைப்பது மிகக் கஷ்டம். கிரிமினல்-இமிக்ரேஷன் இரண்டும் தெரிந்த ஒருவர் ஒப்பந்த வரைவை முதலிலேயே படிக்க வேண்டும். எந்தப் பிரிவில் ஒப்புக்கொள்வது, எந்தத் தொகையை எழுதுவது என்பதெல்லாம் அப்போதுதான் பேரத்துக்கு வரும்.

"சீக்கிரமே போய் ஒத்துக்கொள்வது" என்பது ப்ராஃபர் மீட்டிங்காக, அதாவது ப்ராசிக்யூட்டர் முன்னால் நடந்ததைச் சொல்கிற சந்திப்பாக இருக்கும். அங்கே சொன்னதை நேரடி ஆதாரமாக வைக்க மாட்டோம் என்று கடிதம் தருவார்கள். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு வேறு ஆதாரம் தேடலாம், பின்னால் மாற்றிச் சொன்னால் அதையே எடுத்து நீட்டலாம். பேரோல் காகிதங்களைப் படிக்காமல் முதல் வாரமே அங்கே கூட்டிப் போகிற வக்கீல் எனக்குச் சரியாகப் படவில்லை.

வக்கீல் சரி என்று சொல்லும்வரை அத்தான் ஊருக்குப் பயணம் வைக்க வேண்டாம், சிட்டிசன்ஷிப் விண்ணப்பமும் வேண்டாம். லோனைத் திருப்பிக் கட்டுவதும் வக்கீல் மூலம்தான். விசாரணை தெரிந்தபின் கட்டுவது கைட்லைன் நஷ்டத்தைத் தானாகக் குறைக்காது, மனம் வருந்தியதற்கு அடையாளமாகத்தான் நிற்கும்.

டாக்கெட்வாசகன்:

ஒன்று விட்டுப்போச்சு. கையில் நிஜமாகவே காசு இல்லையென்றால் சிஜேஏ 23 என்ற படிவத்தில் வரவு, சொத்து, கடன் எழுதிக் கொடுத்து கோர்ட் வக்கீலைக் கேட்கலாம். டார்கெட் லெட்டர் நிலையிலேயே நியமிக்க இடம் உண்டு. ஃபெடரல் டிஃபெண்டர்கள் தினமும் இதே கோர்ட்டில் நிற்பவர்கள், இலவச வக்கீல்தானே என்று இளப்பமாக நினைக்காதீர்கள். அந்தப் படிவமும் சத்தியப் பிரமாணம்தான். ஊரில் உள்ள நிலத்தை மறைத்து எழுதினால் இன்னொரு வழக்கு.

கடிதத்தில் பதில் சொல்ல ஒரு தேதி போட்டிருப்பார்கள். அமர்த்திய அன்றே வக்கீல் ப்ராசிக்யூட்டரைக் கூப்பிட்டு அவகாசம் கேட்கட்டும், பெரும்பாலும் கொடுப்பார்கள். முதல் மீட்டிங்குக்குக் கடிதத்தை உறையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள். லோன் விண்ணப்பம், தள்ளுபடி விண்ணப்பம், 2019, 2020 பேரோல் காகிதங்கள் இருக்கிறபடியே போகட்டும், எதிலும் பேனா வைக்க வேண்டாம்.