பூச்சி அடையாளம் காணும் போட்டி: போன வருஷம் 40-க்கு 11. ஆறு வாரத்தில் என்ன செய்யலாம்?

கரும்பலகை (கேள்வி)

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். எங்கள் பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பூச்சிகளை அடையாளம் காணும் போட்டி ஒன்று வைக்கிறார்கள். கூடத்தைச் சுற்றி 40 பெட்டி, ஒவ்வொன்றிலும் ஊசியில் குத்திய ஒரு பூச்சி. நிமிஷத்துக்கு ஒரு மணி அடிக்கும், அடுத்த பெட்டிக்கு நகர வேண்டும். தமிழ்ப் பெயரும், பூச்சி வகைப்பாட்டில் எந்த வரிசையை (order) சேர்ந்தது என்பதும் எழுதணும்.

போன வருஷம் நாலு பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். சுவரில் படம் ஒட்டி அறுபது பூச்சிகளை ஒப்பிக்க வைத்திருந்தேன். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். அங்கே அதிக மதிப்பெண் 11. வயலில் பச்சைத் தட்டானைத் துரத்துகிற பெண், பெட்டியில் அதையே பார்த்துவிட்டு "தெரியாது" என்று எழுதியிருக்கிறாள். பழுப்பாக இருந்ததாம். அடுத்த பெட்டியில் இருந்ததைத் தட்டான் என்று எழுதினாள், அது தட்டான் இல்லையாம். திரும்பும்போது பேருந்தில் நாலு பேரும் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார்கள்.

இந்தத் தடவை ஆறு வாரம் இருக்கிறது. பள்ளியில் நுண்ணோக்கி இல்லை, ஒரே ஒரு கைலென்ஸ். இன்னும் நிறைய படம் வாங்கி ஒட்டட்டுமா? லத்தீன் பெயர்களையும் மனப்பாடம் செய்ய வைக்கணுமா?

அந்துருண்டை

டீச்சர், ஒரு கல்லூரியின் பூச்சியியல் துறையில் 27 வருஷம் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். செய்முறைத் தேர்வுக்கு முதல் நாள் சாயங்காலம் பெட்டிகளை அடுக்குவது என் வேலை. அடுக்குகிறவன் புத்தி எந்தப் பக்கம் போகும் என்பது எனக்குத் தெரியும்.

முதலில் அந்தப் படத்தைக் கழற்றுங்கள். படத்தில் இருப்பது உயிருள்ள பூச்சி. பெட்டியில் இருப்பது பல வருஷமாக என் பெயர்க்காரன் வாசத்தில் கிடந்த பூச்சி. தட்டானின் பச்சையும் நீலமும் காய்ந்ததும் போய்விடும், கண்ணும் கருத்துவிடும். வண்டு, பட்டாம்பூச்சி பரவாயில்லை, ஓரளவு நிறம் நிற்கும். ஆனாலும் நிறத்தை நம்பிப் போகக்கூடாது.

இரண்டாவது, மீசை (உணர்கொம்பு) ஒடிந்திருக்கும். கால் ரெண்டு உதிர்ந்து பெட்டியின் மூலையில் கிடக்கும். அதனால் ஒரு பூச்சிக்கு ஒரு அடையாளம் போதாது. இரண்டு வேண்டும், அதுவும் வெவ்வேறு உறுப்பிலிருந்து.

உங்கள் பெண் பார்த்த அந்த அடுத்த பெட்டி என்னவாக இருக்கும் என்று சொல்லட்டுமா? குழியானை. மணலில் குழி பறித்து எறும்பு பிடிக்கிறதே, அதன் பெரிய பருவம். நாலு நீள இறக்கை, ஒல்லி உடம்பு, சட்டென்று பார்த்தால் ஊசித்தட்டான்தான். ஊசித்தட்டானுக்கு மீசை முள் மாதிரி குட்டையாக, இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. குழியானைக்கு நன்றாக நீண்டு, நுனியில் தடித்து, குண்டாந்தடி போல இருக்கும். மீசை ஒடிந்திருந்தால்? இறக்கையின் முன்விளிம்பைப் பாருங்கள். தட்டான் இனத்துக்கு அந்த விளிம்பில் சின்ன முடிச்சு ஒன்று இருக்கும். குழியானைக்கு இருக்காது. தட்டான் ஒடனேட்டா, குழியானை நியூராப்டிரா. இந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் நானே எத்தனை தடவை வைத்திருப்பேன்! பாவம், பிள்ளைகள்.

அடுக்குகிறவன் எப்போதும் ஜோடியாகத்தான் யோசிப்பான். தேனீக்குப் பக்கத்தில் தேனீ வேஷம் போட்ட மலர் ஈயை வைப்பான். தேனீக்கு நாலு இறக்கை, ஈக்கு இரண்டுதான், பின்னிறக்கை இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலை மாதிரி ஒரு குமிழ். தேனீயின் முன்னிறக்கையும் பின்னிறக்கையும் கொக்கியால் மாட்டிக்கொண்டு ஒன்று போலத் தெரியும், அதனால் எண்ணும்போது அவசரப்படக் கூடாது. ஈயின் மீசை குட்டை.

வண்டும் நாவாய்ப்பூச்சியும் அடுத்த ஜோடி. வண்டின் மேலிறக்கைகள் முதுகு நடுவில் நேர்கோடாகச் சேரும். நாவாய்ப்பூச்சிக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும், முதுகில் ஒரு முக்கோணம் தெரியும். கவிழ்த்துப் பார்க்க விட்டால் இன்னும் நல்லது: வண்டுக்குக் கடிக்கும் தாடை, நாவாய்க்கு ஊசி மாதிரி மூக்கு. ஆனால் பல இடங்களில் பெட்டியைத் தொடவே விட மாட்டார்கள்.

ஈசலும் இறக்கை எறும்பும் கட்டாயம் வரும். எறும்பின் மீசை முழங்கை போல மடங்கியிருக்கும், இடுப்பு ஒடுங்கியிருக்கும், முன்னிறக்கை பெரிது, பின்னிறக்கை சிறிது. ஈசலுக்கு மீசை மணி கோத்த மாதிரி நேராக இருக்கும், இடுப்பே கிடையாது, நாலு இறக்கையும் ஒரே அளவு. மழை விட்ட சாயங்காலம் வாசலில் விளக்கைப் போட்டால் பாடப்பொருள் தானாக வந்து விழும்.

பொறிவண்டிலும் ஒரு கண்ணி உண்டு. கத்தரி இலையைச் சுரண்டித் தின்னும் எபிலாக்னாவும் பொறிவண்டுக் குடும்பம்தான். அதற்கு 28 புள்ளி வரை இருக்கும், உடம்பில் நுண்ணிய ரோமம், மினுமினுப்பு இல்லாமல் மங்கலாக இருக்கும். அசுவினி தின்னும் நல்ல பொறிவண்டு பளபளவென்று இருக்கும். "நன்மையா தீமையா" என்று ஒரு கேள்வி சேர்த்தால் இங்கேதான் கவிழ்வார்கள்.

லத்தீன் பெயர் கேட்காதபோது எதற்கு? வரிசைப் பெயர்களைப் பொருளோடு சொல்லிக்கொடுங்கள். ப்டிரா என்றால் இறக்கை. டிப்டிரா இரண்டு இறக்கை, லெபிடாப்டிரா செதில் இறக்கை, கோலியாப்டிரா உறை இறக்கை, ஹைமனாப்டிரா சவ்வு இறக்கை. பெயரே விடையைச் சொல்லிவிடும்.

கைலென்ஸை எல்லோரும் பூச்சி மேல் வைத்துவிட்டு எட்டி நின்று பார்ப்பார்கள். தப்பு. லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு முகத்தோடு சேர்த்துப் பூச்சியை நெருங்கணும். இதற்கே ஒரு நாள் பழக்கம் வேண்டும்.

நடவு_நாற்று

அந்துருண்டை ஐயா எல்லாம் சொல்லிட்டாரு. நான் விவசாயி, வயல் பக்கம் மட்டும் சொல்றேன். சம்பா நிக்குது, இதைவிட நல்ல காலம் கிடைக்காது. பழைய கொசுவலையைக் கம்பி வளையத்துல தைச்சு ஒரு வீச்சுவலை பண்ணுங்க. காலைல வெயில் ஏறுறதுக்கு முன்னாடி வரப்போரமா பயிர் நுனியில வீசினா கதிர்நாவாய், பச்சைத் தத்துப்பூச்சி, இலைச்சுருட்டு அந்து எல்லாம் விழும். புகையான்ங்கிற பூச்சி வலையில சரியா வராது, தூரோட அடியில தண்ணிக்கு மேலதான் உக்காந்திருக்கும், பயிரைத் தட்டினா தெரியும். குருத்துப்பூச்சியோட பொட்டை அந்து மஞ்சளா, முன்னிறக்கைக்கு ஒவ்வொரு கறுப்புப் பொட்டு வெச்சிருக்கும். அதை ஒரு தடவை கையில பிடிச்ச பிள்ளை சாகுற வரைக்கும் மறக்காது.

ராத்திரிக்கு வெள்ளை வேட்டியைக் கொடியில கட்டி முன்னாடி பல்பு போடுங்க. மருந்தடிச்ச வயல்ல மட்டும் பிள்ளைங்களை இறக்காதீங்க, கேட்டுட்டுப் போங்க.

நாற்பதாவது_பெட்டி

மிஸ், நான் இப்போ பதினொண்ணாவது. வேற ஊர், இதே மாதிரிப் போட்டி, ரெண்டு வருஷம் கலந்துகிட்டேன். மொதல் வருஷம் நானும் மண்ணைக் கவ்வினேன்.

எங்களுக்கு ஒரு பெட்டியில தம்பலப்பூச்சி வெச்சிருந்தாங்க. மழைக்கு அப்புறம் வருமே, செவப்பு வெல்வெட் மாதிரி. எல்லாரும் வண்டுன்னு எழுதினோம். எட்டுக் கால் மிஸ்! அது பூச்சியே இல்ல, உண்ணி, சிலந்தி வகையறா. பேருல பூச்சின்னு இருக்கிறதால ஏமாந்துட்டோம். எந்தப் பெட்டியா இருந்தாலும் மொதல்ல காலை எண்ணச் சொல்லுங்க, உதிர்ந்த காலையும் சேர்த்து.

இன்னொண்ணு, பேர் தெரியலைன்னாலும் வரிசையை எழுதணும். பாதி மார்க் வரும். நாங்க தினமும் சாயங்காலம் தீப்பெட்டியில பத்து பூச்சி வெச்சு, போன்ல ஒரு நிமிஷ அலாரம் வெச்சுப் பழகினோம். மொதல் வாரம் அலாரம் அடிச்சாலே கை நடுங்கும், அப்புறம் சரியாயிடும்.

கரும்பலகை

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை வயலுக்குப் போனோம். வேட்டி கட்டி விளக்கும் போட்டோம். ஈசல் அத்தனையும் வந்து பக்கத்து வீட்டு அம்மாவின் குழம்பில் விழுந்து, நான் வசவு வாங்கினது தனிக்கதை. 31 வகை கிடைத்தது. குளிர்ப்பெட்டியின் உறைபகுதியில் ஒரு இரவு வைத்து, தெர்மாகோலில் குத்தியிருக்கிறோம். வண்டின் ஊசி நடுவில் போகவே மாட்டேன் என்கிறது.

ஒரு சந்தேகம். கரையானை ஐசாப்டிரா என்று என் பழைய புத்தகம் சொல்கிறது. ஒரு மாணவன் கைப்பேசியில் பார்த்துவிட்டு, அது கரப்பான் வரிசை என்கிறான். யார் சரி?

அந்துருண்டை

வண்டுக்கு நடுவில் குத்தக்கூடாது டீச்சர், வலது மேலிறக்கையில் குத்தணும். நடுவில் குத்தினால் அந்த நேர்கோடு கெட்டுவிடும், அதுதானே அடையாளம். பட்டாம்பூச்சிக்கு மார்பின் நடுவில். ஆனால் பட்டாம்பூச்சியைப் பிடிக்கவே வேண்டாம் என்பேன். 1972 வனவிலங்குச் சட்டத்தின் அட்டவணையில் சில இனங்கள் இருக்கின்றன, எது எது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. படம் எடுத்தால் போதும்.

கரையான் விஷயத்தில் பையன் சொல்வதுதான் இன்றைய வகைப்பாடு. கரையான் கரப்பான் வம்சத்துக்குள்ளேயே வருகிறது என்று மரபணு ஆய்வில் தெரிந்து, பிளாட்டோடியா வரிசையில் சேர்த்துவிட்டார்கள். நான் ஓய்வு பெறும்வரை பெட்டிச் சீட்டில் ஐசாப்டிரா என்றுதான் எழுதினேன். நடத்துபவர்களிடம் எந்தப் புத்தகத்தை வைத்துத் திருத்துவார்கள் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கேட்பதில் தப்பில்லை. சரியாக எழுதியும் மதிப்பெண் போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

முடிந்தால் ஒருநாள் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள். 2018-இல் திறந்தது. காய்ந்த பூச்சிகளை அவ்வளவு மொத்தமாகப் பார்த்தால் கண் தானாகப் பழகிவிடும். தூரம்தான், என்ன செய்ய.

அந்தப் பெண்ணுக்கு ஒரு குழியானை பிடித்துக் கொடுங்கள். மண்ணோடு எடுத்து டப்பாவில் வைத்து எறும்பு போட்டால் வளரும். போட்டிக்குள் இறக்கை வராது, மாசக்கணக்கில் ஆகும்.

கரும்பலகை

பள்ளிச் சுவரோரத்து மணலில் மூன்று பிடித்து ஏற்கெனவே டப்பாவில் வைத்துவிட்டாள் ஐயா. எறும்பு போடும் முறை இன்றைக்கு யாருடையது என்பதில்தான் இப்போது சண்டை.