தாத்தா சைக்கிளுக்கு முன் கேரியர்: பழைய பிரெஞ்சு ஃபிரேம்காரர்கள் செய்தது போல இங்கே செய்ய முடியுமா?

தேவிபட்டினம்_சைக்கிள்:
ஒரு மாதமாக ராத்திரி தூங்கப் போகும் முன் ரெனே எர்ஸ், அலெக்ஸ் சிங்கர் என்ற இரண்டு பிரெஞ்சு ஃபிரேம்காரர்களின் சைக்கிள் படங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்னைப் பிடித்து இழுத்தது பளபளப்பு இல்லை, கேரியர். நம் ஊரில் கேரியர் என்றால் கடையில் வாங்கி கிளாம்பு போட்டு முறுக்குவதுதான், ஆனால் அவர்கள் அந்த ஒரு ஃபிரேமுக்கு என்றே மெல்லிய குழாயை வளைத்து, ஃபோர்க்கிலேயே பற்றவைத்த சின்னக் குமிழில் உட்கார வைத்திருக்கிறார்கள், மட்கார்டும் விளக்கும் அதே கேரியரில் பிடித்துக்கொள்கின்றன.

என்னிடம் தாத்தாவின் 28 இஞ்ச் சைக்கிள் இருக்கிறது. மீன் பெட்டி கட்டி ராமநாதபுரம் வரை மிதிப்பார். பின் கேரியர் கிளாம்பு பிடித்திருந்த இடத்தில் மட்டும் குழாய் துருப்பிடித்து அரித்திருக்கிறது, மற்ற இடமெல்லாம் கெட்டி. முன்னால் ஒரு கேரியர் அவர்கள் முறையில் செய்ய ஆசை. உப்புக் காற்றில் நிற்குமா?

பாம்பன்_மிதிவண்டி:
தம்பி, சரியான இடத்தைப் பார்த்திருக்கிறீர்கள். எர்ஸ், சிங்கர் இரண்டு பட்டறையும் பாரிஸை ஒட்டிய லெவல்லுவா-பெரேயில் இருந்தவை. எர்ஸ் அதற்கு முன் விமான வேலையில் இருந்தவர், எடை குறைய வேண்டும், ஆனால் உடையக் கூடாது என்ற புத்தி அங்கிருந்து வந்தது என்றே நான் நினைக்கிறேன். 1930, 40களில் அங்கே சைக்கிள்களுக்கென்றே போட்டி நடந்தது. மட்கார்டு, விளக்கு எல்லாம் மாட்டியபடி மோசமான சாலையில் ஓட்ட வேண்டும், வழியில் ஏதாவது கழன்றாலும் உடைந்தாலும் புள்ளி போய்விடும். 1946இல் சிங்கர் கொண்டுவந்த சைக்கிள் 7 கிலோவுக்கும் குறைவு! நம் ஊர் கனமான 28 இஞ்ச் சைக்கிளை, அதாவது ரோட்ஸ்டரை, ஒரு கையால் தூக்கிப் பாருங்கள், அப்புறம் புரியும்.

இன்னொன்று, விளக்கு ஒயரை ஃபிரேம் குழாய்க்குள் விட்டு, ஹேண்டில் திரும்பும் இடத்தில் ஒரு கார்பன் பிரஷ் (உரசியபடியே மின்சாரம் கடத்தும் கரித்துண்டு) வைத்து மின்சாரத்தை முன்பக்கம் கொண்டுபோவார்கள். வெளியே ஒயரே தெரியாது. அதை முதலில் படித்த அன்று நான் வேறு வேலையே பார்க்கவில்லை.

கீழக்கரை_கேஸ்வெல்டிங்:
கிளாம்புக்கு அடியில் மட்டும் அரித்தது ஏன் என்றால், மீன் பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீரும் உப்பும் அந்த இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும், காயவே காயாது. குமிழைப் பற்றவைத்துவிட்டால் இடுக்கு இல்லை. ஆகவே அந்த முறை நம் கடற்கரைக்குத்தான் இன்னும் பொருத்தம்.

ஆனால் ஆர்க் வெல்டிங்காரரிடம் கொடுத்துவிடாதே, ஃபோர்க் குழாயைப் பொத்தலாக்கிவிடுவார். கேஸில் பித்தளை ஊற்றி ஒட்ட வேண்டும். பித்தளைக்கே ஏறக்குறைய 900 டிகிரி வேண்டும், வெள்ளிக் கம்பி என்றால் 650, 700இல் உருகிவிடும், ஃபோர்க்குக்குச் சூடு குறைவாகப் போகும். விலைதான் கூட. பெயின்டையும் குரோமையும் முதலில் முழுக்கச் சுரண்டு, குரோமைச் சூடாக்கினால் வரும் புகை விஷம். கேரியர் குழாயின் இரண்டு முனையையும் அடைக்கிறாய் என்றால் ஊசி முனை அளவு ஒரு ஓட்டை விட்டுவிடு, இல்லாவிட்டால் உள்ளே காற்று சூடாகிப் பித்தளையைத் துப்பும். முடிந்ததும் ஃபிளக்ஸை, அதாவது ஒட்டுவதற்கு முன் தடவும் பசையை, வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவு. ஒட்டின இடம் துருப்பிடிக்கிறது என்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இதைச் செய்யாதவர்கள்.

அலுமினிய மட்கார்டு போட்டால் இரும்பும் அலுமினியமும் நேராகத் தொடாமல் ரப்பர் வாஷர் வை, உப்பில் அலுமினியம் பொடிப்பொடியாகப் போகும்.

தொண்டி_ரோடு:
அந்தப் பிரெஞ்சு சைக்கிள்களில் வரும் 650பி அளவு டயர் தேடுவீர்கள் என்று தெரியும், அதனால் சொல்கிறேன். பழைய பிரெஞ்சு 650பியும் இப்போது மலை சைக்கிளில் வரும் 27.5 இஞ்சும் ஒரே ரிம், டயர் உட்காரும் விட்டம் 584 மி.மீ. உங்கள் 28 இஞ்ச் ரோட்ஸ்டர் 635. மாற்றினால் ராடு பிரேக் ரிம்மை எட்டாது. சக்கரத்தை அப்படியே விடுங்கள்.

தேவிபட்டினம்_சைக்கிள்:
அண்ணே, சக்கரத்தில் கை வைக்க மாட்டேன். கீழக்கரை காக்கா, வெள்ளிக் கம்பியிலேயே செய்துவிடலாம், காசு சேர்த்து வைத்திருக்கிறேன். கேரியருக்கு முதலில் கட்டுக் கம்பியில் ஒரு மாதிரி வளைத்து, தாத்தாவின் பழைய மீன் பெட்டியை அதில் வைத்து அளவு பார்த்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருக்குமா? ஃபோர்க்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு காலையிலேயே பஸ் ஏறுகிறேன்.