ஐந்து அறை வீடு, படலையடியில் கடை: இன்ரர்நெற்றை எல்லா இடமும் எப்படிக் கொண்டுபோவது?

குளக்கட்டு எழுதியது:

வணக்கம். நாங்கள் இருப்பது பரந்தனுக்குக் கிட்ட. முதலில் வீட்டுத்திட்டத்தில் கட்டிய சின்ன வீடு, பிறகு அண்ணா அனுப்பிய காசில் பின்பக்கம் இரண்டு அறையும் விறாந்தையும் சேர்த்துக் கட்டினோம். சுவர் எல்லாம் சீமெந்துக் கல். குசினி தகரக் கூரையோடு தனியாக நிற்கிறது. வளவின் முன்பக்கம் படலையோடு அம்மாவின் கடை, வீட்டிலிருந்து அளந்து பார்த்தேன், 45 மீற்றர்.

இருப்பது ஒரு 4ஜி ரவுட்டர். முன் அறை யன்னலில் வைத்தால்தான் சிக்னல் நன்றாக இருக்கிறது, வேறு எங்கே வைத்தாலும் ஒரு கோடுதான். ஆனால் யன்னலில் வைத்தால் பின் அறைக்கு வைபை போகாது. தங்கச்சி ஏ.எல். படிக்கிறாள், ஒன்லைன் வகுப்பு வரும்போது லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு முன் விறாந்தைக்கு வந்து, மழைச்சாரலில் நனையாமல் ஒரு மூலையில் ஒதுங்கி இருந்து படிக்கிறாள். பார்க்க மனம் கேட்கவில்லை. கடையிலும் ஒரு கமரா பூட்ட வேண்டும்.

கடைக்காரர் மூன்று பெட்டி உள்ள மெஷ் (ஒரு பெட்டியிலிருந்து மற்றப் பெட்டி வைபையை வாங்கி வீடு முழுக்கக் கொடுப்பது) வாங்கினால் எல்லாம் சரி என்கிறார். நான் யோசிப்பது வயர் இழுக்கலாம் என்று, கடைக்குத் தென்னை மரங்களில் கட்டி மேலாலே கொண்டுபோகலாம். எது சரி?

வயர்வேலை எழுதியது:

தம்பி, ரவுட்டர் யன்னலிலேயே இருக்கட்டும். போன் கோபுரத்தோடு கதைப்பது ஒரு வேலை, வீட்டுக்குள் வைபை கொடுப்பது வேறு வேலை. எங்கள் பக்கம் கோபுரம் எட்டத்தில், அதனால் 4ஜி நன்றாகப் பிடிக்கும் இடம் அநேகமாக வீட்டின் ஒரு ஓரமாகத்தான் இருக்கும். இரண்டு வேலையையும் ஒரே பெட்டியில் எதிர்பார்த்து அதை நடு ஹோலுக்கு நகர்த்தினால் இரண்டும் கெட்டுப்போகும்.

மெஷ் கூடாத சாமான் இல்லை. ஆனால் வயர் இல்லாமல் ஓட விட்டால் நடுவில் இருக்கும் பெட்டி ஒரே அலையில் வாங்கவும் வேண்டும் கொடுக்கவும் வேண்டும், வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். ஆட்கள் விடும் இன்னொரு பிழை, சிக்னல் இல்லாத அறைக்குள்ளேயே அந்தப் பெட்டியைக் கொண்டுபோய் வைப்பது. அதற்கே ஒன்றும் வராத இடத்தில் அது எதைக் கொடுக்கும்? உங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு மூன்றைத் தாண்டினால் வைபையின் இரண்டு அலையில் 5 கிகாஹேர்ட்ஸ் நின்றுவிடும், 2.4 தான் போய்ச் சேரும். தகரத்தில் அலை பட்டுத் திரும்பிவிடும் என்பதால் குசினிக்கு உள்ளேயே ஒரு பெட்டி இருந்தால்தான் நல்லது.

ஆகவே வீட்டுக்குள் வயர் இழுங்கள். கட் 6 என்ற நெற்வேர்க் வயர் போதும், 100 மீற்றர் வரைக்கும் பயமில்லை. வாங்கும்போது நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்துக்குச் செம்பு பூசியது, வேண்டாம். நானே ஒரு முறை மலிவென்று அப்படி ஒரு ரோல் வாங்கி, பூட்டிய வீட்டில் இணைப்பு விட்டுவிட்டு அறுந்து, முழுவதையும் கழற்றித் திரும்ப இழுத்தேன், அந்த வீட்டுக்காரருக்கு முகம் கொடுக்க முடியவில்லை. கரண்ட் வயர் போகும் பைப்புக்குள் இதைச் சேர்த்து விடாதீர்கள், தனி பிவிசி பைப் போடுங்கள், எலியும் அணிலும் கடிக்காது.

வயர் நுனியில் தலை (ரவுட்டரில் கொழுவும் பிளக்) அடிக்கும்போது உள்ளே இருக்கும் எட்டுக் கம்பியின் நிற வரிசை: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-மண்ணிறம், மண்ணிறம். இரண்டு முனையும் ஒரே மாதிரி.

பழைய ரவுட்டர் வீட்டில் கிடந்தால் புதுப் பெட்டி வாங்க வேண்டியதில்லை. அதில் டிஎச்சிபியை (போன், லப்டொப்புக்கெல்லாம் தானாக முகவரி கொடுக்கும் வேலை) நிறுத்தி, அதன் முகவரியை மாற்றி (யன்னலில் இருக்கும் ரவுட்டர் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2), வயரை WAN என்று எழுதிய துளையில் கொழுவாமல் LAN என்று எழுதிய துளையில் கொழுவுங்கள். டிஎச்சிபியை மறந்தால் இரண்டு ரவுட்டரும் போட்டி போட்டு முகவரி கொடுத்து வீடே குழம்பிவிடும். வைபை பெயரும் கடவுச்சொல்லும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கட்டும், 2.4 இல் சானல் மட்டும் 1, 6, 11 என்று வேறு வேறாகக் கொடுங்கள்.

ஒட்டுசுட்டான் அக்கா எழுதியது:

தம்பி, கடைக்குத் தென்னையில் கட்டி செம்பு வயர் கொண்டுபோகும் யோசனையைத் தயவுசெய்து விடுங்கள். நாங்கள் வீட்டிலிருந்து நெல்லுக் கொட்டிலுக்கு அப்படித்தான் இழுத்தோம். ஒரு ஐப்பசி மாதப் பின்னேரம் பக்கத்து வளவுப் பனையில் இடி விழுந்தது. எங்கள் வீட்டில் விழவே இல்லை, ஆனாலும் சுவிட்ச், ரவுட்டர், ரிவி எல்லாம் ஒரே நொடியில் போய்விட்டன. மகன் அதற்குக் கொஞ்சம் முன்னர்தான் லப்டொப்பை வயரிலிருந்து கழற்றினவன், அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

கிட்ட எங்கேயாவது இடி விழுந்தாலே நீட்டாகக் கிடக்கும் செம்புக் கம்பியில் மின் அழுத்தம் எழும். அதோடு இரண்டு கட்டடத்துக்கும் ஏர்த் வேறு, அந்த வேறுபாடு சமப்பட வழி தேடி உங்கள் வயராலேதான் ஓடும். பங்குனி முதல் வைகாசி வரையும், பிறகு ஐப்பசி கார்த்திகையிலும் எங்கள் பக்கம் இடி மின்னல் எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மண்ணுக்குள் புதைத்தாலும் செம்பு செம்புதான்.

இப்போது நாங்கள் போட்டிருப்பது பைபர். கண்ணாடி இழை, மின்சாரம் கடத்தாது.

குளக்கட்டு எழுதியது:

அக்கா, நல்ல நேரம் சொன்னீர்கள், வயர் வாங்கப் போக இருந்தேன். பைபர் ஒட்டுவதற்கு மெசின் வேண்டுமாமே?

வயர்வேலை எழுதியது:

வேண்டாம். இரண்டு பக்கமும் தலை போட்டு ஆயத்தமாக வரும் வயர் இருக்கிறது, சிங்கிள் மோட் (பைபரில் ஒரு வகை) 60 மீற்றர் என்று கேளுங்கள், மிஞ்சுவதைப் பெரிய வட்டமாகச் சுற்றி வைக்கலாம், இறுக்கி மடித்தால் இழை உடைந்துவிடும். இரண்டு முனைக்கும் மீடியா கொன்வேர்ட்டர் (பைபரின் ஒளியைச் செம்பு வயருக்கு மாற்றிக் கொடுக்கும் பெட்டி) ஒரு சோடி. ஒற்றை இழையில் ஓடுவது என்றால் ஒன்று 1310 நனோமீற்றர் ஒளியில் அனுப்பி 1550 இல் வாங்கும், மற்றது அதற்கு எதிர்மாறு. ஒரே மாதிரி இரண்டை வாங்கி வந்தால் வேலை செய்யாது.

சில பைபர் வயரோடு தாங்குவதற்கு ஒரு இரும்புக் கம்பி சேர்ந்து வரும். அதை அப்படியே விட்டால் அக்கா சொன்ன இடி அந்தக் கம்பியால் வரும், உலோகம் இல்லாத வயராகப் பார்த்து எடுங்கள். பைப்புக்குள் விட்டு ஒன்றரை அடி ஆழத்தில் தாழுங்கள், கிணற்றடி வாய்க்கால் பக்கம் மண்வெட்டி படும், அதைச் சுற்றிக் கொண்டுபோங்கள்.

ஒட்டுசுட்டான் அக்கா எழுதியது:

பைபர் போட்டாலும் கரண்ட் வயரால் இடி வரும், முழங்கத் தொடங்கினதும் அடப்ரர் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லி அம்மாவிடமும் சொல்லி வையுங்கள்.

குளக்கட்டு எழுதியது:

சரி அக்கா, கடையில் கழற்றுவது அம்மாவின் பொறுப்பு. முதலில் பின் அறைக்கு வயர் இழுக்கிறேன், அண்ணாவின் பழைய ரவுட்டர் ஒன்று பெட்டியோடு கிடக்கிறது, தங்கச்சியின் மேசைக்கு நேரே மேலே பூட்டுகிறேன். கடைக்குக் கிடங்கு வெட்டுவது அடுத்த கிழமை, மண் ஈரமாக இருக்கும்போதே.