செகண்ட் ஹேண்டில் ஹாட் ஹேட்ச்: வாங்கிய பிறகு உண்மையில் எவ்வளவு இழுக்கும்?

கியர்மாற்றி கேட்டது:

வணக்கம். ஆறு வருடமாக 1.2 லிட்டர் சாதாரண ஹேட்ச்பேக் ஓட்டுகிறேன். இப்போது ஒரு ஹாட் ஹேட்ச், அதாவது வேகத்துக்காகவே செய்த ஹேட்ச்பேக், விலைக்கு வந்திருக்கிறது: இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல், ஆறு கியர் மேனுவல், 230 குதிரைத்திறன். ஏழு வருடப் பழசு, 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஒரு சுற்று ஓட்டிப் பார்த்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது.

வாங்கும் பணம் கையில் இருக்கிறது. பயமெல்லாம் அதற்குப் பிறகு வரும் செலவை நினைத்துத்தான். யாரைக் கேட்டாலும் "பெட்ரோல் குடிக்கும்" என்கிறார்களே தவிர, வேறெங்கே பணம் போகும் என்று சொல்ல ஆளில்லை. வருடத்துக்கு 14,000 கிலோமீட்டர் ஓட்டுவேன். வைத்திருப்பவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள். சர்வீஸுக்குக் கடன் வாங்கும் நிலை வந்துவிடக் கூடாது.

பழைய_ஸ்டியரிங்:

தம்பி, நீங்கள் சொன்ன அதே வகை வண்டியை ஐந்து வருடமாக வைத்திருக்கிறேன். 70,000 கிலோமீட்டர் ஓட்டியாகிவிட்டது. முதல் நாளிலிருந்து ஒரு நோட்டில் எழுதி வருகிறேன், வைப்பர் பிளேடு மாற்றியது உட்பட. அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பெட்ரோலை முதலில் முடித்துவிடலாம். என் பழைய வண்டி லிட்டருக்கு 16 கொடுத்தது, இது சராசரியாக 11.5. உங்கள் 14,000 கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால் வருடத்துக்கு ஏறக்குறைய 340 லிட்டர் கூடுதல். உங்கள் ஊர் விலையில் பெருக்கிப் பாருங்கள். பெட்ரோல் டேங்க் மூடிக்குப் பின்னால் என்ன ஆக்டேன் (பெட்ரோல் தட்டலைத் தாங்கும் அளவு) எழுதியிருக்கிறதோ அதையே போடுங்கள். குறைந்ததை ஊற்றினால் எஞ்சின் தட்டல் (பெட்ரோல் தாறுமாறாக வெடிப்பது) வராமல் இருக்க கம்ப்யூட்டர் தீப்பொறி விடும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும். எந்த இழுவைக்காக வண்டியை வாங்கினீர்களோ அது அங்கேயே குறைந்துவிடும். பெட்ரோல் செலவு மாதாமாதம் ஒரே மாதிரி வரும், அதனால் பழகிவிடும். ஆளைச் சாய்ப்பது திடீரென்று மொத்தமாக வருபவைதான்.

அதில் முதலிடம் டயருக்கு. உங்கள் இப்போதைய வண்டியில் 185/65 ஆர்15 இருந்தால் பக்கச்சுவர் உயரம் 120 மில்லிமீட்டர். இந்த வண்டிகளில் சாதாரணமாக வரும் 225/40 ஆர்18-ல் அது 90 மில்லிமீட்டர்தான். ஒரு பள்ளத்தில் இறங்கினால் டயர் வாங்க வேண்டிய அடியை ரிம் வாங்கிவிடும். இரண்டு ரிம்மை நெளிவு எடுத்திருக்கிறேன், ஒன்று விரிசல் விட்டு வேறு வாங்க வேண்டியதாயிற்று. ரிம் பெரிதாக இருந்தால்தான் அழகு என்று யாராவது 19 இஞ்சுக்கு ஏற்றச் சொன்னால் கேட்காதீர்கள். ஹோண்டா சிவிக் டைப் ஆர்-லேயே 2017 மாடலில் 20 இஞ்ச் வந்தது, 2022-ல் 19-க்கு இறக்கினார்கள்.

முன்சக்கர இழுப்பு வண்டியில் முன் டயர்தான் இழுக்கிறது, திருப்புகிறது, பிரேக்கின் பெரும்பங்கையும் தாங்குகிறது. எனக்கு முன் ஜோடி 24,000 முதல் 26,000 வரை வந்தது, பின் ஜோடி 45,000 தாண்டியது. முதல் ஜோடி மட்டும் 17,000-இலேயே போனது. வெளியிலிருந்து பார்த்தால் டயரின் பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டைகள்) நன்றாகத்தான் இருந்தது. ஒருநாள் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துவிட்டு, டயரின் உள்விளிம்பைக் கையால் தடவிப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி வழவழவென்றிருந்தது, ஓரிடத்தில் கம்பி நூல் விரலில் குத்தியது. வீல் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) விலகியதைக் கவனிக்காமல் எட்டு மாதம் ஓட்டியிருக்கிறேன். அந்த டயரில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன் என்று நினைத்தால் இன்றும் கை சில்லிடுகிறது. அதிலிருந்து ஒவ்வொரு 10,000 கிலோமீட்டருக்கும் அலைன்மென்ட் பார்த்துவிடுகிறேன். அந்தச் செலவு ஒரு டயர் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அடுத்தது பிரேக். பேட், டிஸ்க் தேய்வது எல்லோருக்கும் தெரியும். டிஸ்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும், அளந்து பார்த்து முடிவெடுக்கலாம். யாரும் நினைக்காதது பிரேக் ஆயில். வண்டி வாங்கிய ஏழாவது வாரம், நான்கு பேரோடு நீளமான இறக்கம் ஒன்றில் வந்துகொண்டிருந்தேன். வளைவுக்கு வளைவு பிரேக். பாதி இறக்கத்தில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது, இரண்டு மூன்று முறை மிதித்த பிறகுதான் பிடித்தது. இரண்டாவது கியருக்கு இறக்கி எஞ்சினைக் கொண்டே வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டினேன். அரை மணி நேரம் ஆறவிட்டுத்தான் மெல்லக் கீழே இறக்கினோம். மறுநாள் மெக்கானிக் ஆயிலைக் காட்டினார், அடர் பழுப்பாக இருந்தது. முந்தைய உரிமையாளர் ஒருமுறைகூட மாற்றியதாகப் பதிவே இல்லை.

டாட் 4 என்ற தரத்துப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். 3.7 சதவீதம் நீர் சேர்ந்த நிலையில் அந்தத் தரம் கேட்பது 155 டிகிரிதான். இந்த எடையும் இந்த வேகமும் இறக்கத்தில் அந்தச் சூட்டை எளிதாகக் கொண்டுவந்துவிடும். கொதித்தால் குமிழி, குமிழி அமுங்கும், பெடல் கீழே போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இந்தப் பட்டியலிலேயே மலிவான வேலை இதுதான், உயிர் காப்பதும் இதுதான்.

எஞ்சின் ஆயிலை 10,000-க்கு ஒருமுறை மாற்றுகிறேன், நிறுவனம் அதைவிட அதிகம் அனுமதித்தாலும். டர்போவின் தண்டு சுழல்வது அந்த ஆயிலின் மேல்தான். மாதம் இருமுறை ஆயில் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். பல எஞ்சின்களில் இரண்டு குறிகளுக்கு நடுவே ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். ஸ்பார்க் பிளக்கும் சாதாரண வண்டியைவிடச் சீக்கிரம் வேலை கேட்கும். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சின் (பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சுவது) என்றால் பெட்ரோல் இன்டேக் வால்வின் (காற்றை உள்ளே விடும் வால்வு) மேல் படாது, அதனால் கரி படியும். எனக்கு 90,000-ல் காலை ஸ்டார்ட்டில் எஞ்சின் தடுமாற ஆரம்பித்தது. மேனிஃபோல்டைக் (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்த் தொகுதி) கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சிச் சுத்தம் செய்தார்கள். முழு நாள் வேலை, கூலிதான் செலவு.

இன்ஷூரன்ஸ் எவ்வளவு வரும் என்று வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். அதைப் பற்றிச் சொல்ல அதற்கு மேல் இல்லை.

நான் செய்வது இது: ஒவ்வொரு முறை டேங்க் நிரப்பும்போதும், அந்தப் பெட்ரோல் தொகையில் பாதியைத் தனிக் கணக்கில் போட்டுவிடுவேன். டயர், பிரேக், சர்வீஸ் எல்லாம் ஐந்து வருடமாக அதிலிருந்துதான் போகிறது. ஒரே ஒருமுறை, கிளட்சும் ஃபிளைவீலும் சேர்ந்து மாற்றியபோது மட்டும், கைப்பணம் போட வேண்டி வந்தது.

இரவுப்பயணி:

ப்ரோ, அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டர் செட்டிங்கை மாத்தி பவர் ஏத்துறது) பத்தி மட்டும் நான் சொல்றேன், ஏன்னா அந்த ஆசை உங்களுக்கும் கண்டிப்பா வரும். நான் வாங்கின மூணாவது மாசமே பண்ணிட்டேன். இழுவை அருமை, பொய் சொல்ல மாட்டேன். ஆறே மாசத்துல நாலாவது கியர்ல மிதிச்சா ஆர்பிஎம் (எஞ்சின் சுத்துற வேகம்) ஏறுது, வண்டி வேகம் ஏறல. கிளட்ச் வழுக்குது. கம்பெனி கிளட்ச் கம்பெனி டார்க்குக்குத்தான் (எஞ்சினோட முறுக்கு விசை) பண்ணியிருக்கும். வாரண்டி மிச்சம் இருந்தா அதுவும் சிக்கல். இன்ஷூரன்ஸ்காரங்ககிட்ட சொல்லாம விட்டா, விபத்துன்னு வரும்போது கிளெய்மே நிக்காம போகலாம். கம்பெனி டியூன்லயே ஒரு வருஷம் ஓட்டுங்க.

இன்னொண்ணு, ஆறாவது கியர்ல 1,500 ஆர்பிஎம்-ல போய்க்கிட்டு முழுசா மிதிக்காதீங்க. சின்ன டர்போ எஞ்சின்ல அந்த இடத்துல பெட்ரோல்-காத்துக் கலவை தானாவே முன்கூட்டி வெடிக்கும், பிஸ்டன் உடையற அளவுக்குப் போகலாம். ரெண்டு கியர் இறக்கிட்டு மிதிங்க.

கியர்மாற்றி:

எல்லோருக்கும் நன்றி. இன்று மாலை மறுபடி போய்ப் பார்த்தேன், அண்ணன் சொன்னபடி ஸ்டியரிங்கை ஒடித்துவிட்டு. இடது முன் டயரின் உள்விளிம்பு வழவழப்பு. வெளியே பட்டன் நான்கு மில்லிமீட்டர் இருக்கிறது! பின் டயர் இரண்டிலும் தேதிக் குறியீடு வண்டியோடு வந்த காலத்தைக் காட்டுகிறது, அதாவது ஏழு வருடப் பழசு. நான்கையும் மாற்ற வேண்டும். பிரேக் ஆயில், பிளக் இரண்டுக்கும் ரசீது இல்லை. என்ஜின் ஆயிலுக்கு மட்டும் விற்பவர் எல்லா ரசீதும் ஒழுங்காக வைத்திருக்கிறார்.

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். நான்கு டயருக்கான தொகையை வண்டி விலையில் குறைக்க ஒத்துக்கொண்டார். ஞாயிறு காலை திரும்பப் போகிறேன். நான் வரும்வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். வேறென்ன பார்க்கட்டும் அண்ணா?

பழைய_ஸ்டியரிங்:

நல்ல வேலை செய்தீர்கள் தம்பி. போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏற்கெனவே ஓட்டியிருக்கிறார் என்று அர்த்தம். சமதளத்தில் ஆயில் ஸ்டிக் பாருங்கள். கூலன்ட் டப்பாவில் அளவு குறைந்திருந்தால் டார்ச் அடித்து, தண்ணீர் பம்ப் பக்கம் காய்ந்த வெள்ளைக் கறை இருக்கிறதா என்று தேடுங்கள். ஸ்டார்ட் செய்யும்போது வேறு யாரையாவது சாவி போடச் சொல்லிவிட்டு நீங்கள் சைலன்சருக்குப் பின்னால் நில்லுங்கள். நீலப்புகை வந்து ஒரு நிமிடத்துக்கு மேல் நீடித்தால் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிடுங்கள். வராவிட்டால் நல்ல மேட்டில் நான்காவது கியரில் 2,500 ஆர்பிஎம்-லிருந்து மிதித்து கிளட்ச் வழுக்குகிறதா என்று பாருங்கள். ஞாயிறு மதியம் இங்கே எழுதுங்கள், காத்திருக்கிறேன்.